எஸ்தருக்கு ஒரு இடது கை

"ஆ...ஆ...ஆ...!"

அலறல்!

ஜெருசலேம் சுருள் ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் கதவுகளைத் தாண்டி, காரிடாரைத் தாண்டி, கான்டீனில் ஃபலாஃபெல் உருண்டையைக் கடிக்க வாயைத் திறந்த இன்ஸ்பெக்டர் ஒஸ்னாத்தின் காதில் வந்து விழுந்தது.

திறந்த வாயை மூடாமலே ஓடினாள்.

தொல்பொருள் திருட்டுத் தடுப்புப் பிரிவில் அவள் பார்க்காத திருடன் இல்லை. கல்லறைத் திருடன், காசுத் திருடன், மொசைக் தரையைப் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு போனவன்... எல்லோரையும் பார்த்தாயிற்று. கொலை ஒன்றுதான் பாக்கி.

இன்றைக்கு அதுவும் ஆச்சு என்று நினைத்தபடி, துப்பாக்கியில் கை வைத்துக்கொண்டு கதவை உதைத்தாள்.

உள்ளே...

பேராசிரியர் எலியாகிம் நாற்காலியின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

உயிரோடு!

கண்ணில் தண்ணீர். மூக்குக் கண்ணாடி நெற்றியில். ஒரு காலில் மட்டும் செருப்பு.

"யாரு சார்? எங்க?" ஒஸ்னாத் அறையைத் துழாவினாள்.

"எஸ்தர்...!"

"எஸ்தரை யாரு கொன்னது?"

"கொல்லலை மிஸ் ஒஸ்னாத்... கிடைச்சுட்டா!"

ஒஸ்னாத் துப்பாக்கியிலிருந்து கையை எடுத்தாள். ஆறிக்கொண்டிருக்கும் ஃபலாஃபெலை ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள்.

மேஜை மேல் கண்ணாடித் தகட்டுக்கு அடியில் ஒரு தோல் துண்டு. உள்ளங்கை அகலம். சுட்ட அப்பளத்தின் நிறம். அதைப் படம் பிடித்த அகச்சிவப்புக் கேமரா, வெறும் கண்ணுக்குத் தெரியாத மையையெல்லாம் பக்கத்துத் திரையில் கறுப்பாகக் கொட்டியிருந்தது.

"பாலைவனக் குகைகள்ல எத்தனை சுருள் கிடைச்சிருக்கு! அதுக்கு முன்னாடி நம்ம கையில இருந்த வேதப் பிரதியெல்லாம் ஆயிரம் வருஷம் இளசு. எபிரேய வேதத்துல இருக்கிற மத்த புத்தகமெல்லாம் நகக்கண் அளவாவது வந்துடுச்சு. எஸ்தர் மட்டும் வரலை. எங்க வாத்தியார் தேடிச் செத்தாரு. அவரோட வாத்தியாரும் தேடிச் செத்தாரு."

"நீங்களும் நாற்காலியிலேர்ந்து விழுந்து சாகாதீங்க. இறங்குங்க."

இறங்கினார். விரலால் திரையின் ஓரத்தைத் தொட்டார்.

"இங்க பாருங்க. ஓரத்துல! இப்போதான் தெரிஞ்சுது!"

ஒரே ஒரு சொல். அதன் மேல் குறுக்காக ஒரு கோடு.

அமாலேக்!

"எஸ்தர் கதையில வில்லன் யாரு? ஹாமான். நம்ம ஜனத்தையே பூண்டோட அழிக்கப் பார்த்தவன். அவன் யாரு வம்சம்? அமாலேக் வம்சம். அமாலேக்கோட பெயரையே அழிச்சிடுன்னு வேதத்துல கட்டளை. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால ஒருத்தன் இந்தக் கதையை எழுதிட்டிருக்கான். ஹாமான் பண்ற அக்கிரமத்தைப் பார்த்து ரத்தம் கொதிக்குது. ஓரத்துல அமாலேக்னு எழுதி... சரக்! அடிச்சுடறான்! கோபம் மிஸ் ஒஸ்னாத், கோபம்! பண்டைய கோபம்!"

"சரி."

"சரியா?! நான் ஒரு கட்டுரைக்குத் தலைப்பே வெச்சுட்டேன். தலைப்பே ரெண்டு வரி வரும்!"

"இதைக் கொண்டு வந்தது யாரு, ஸுக்கர்தானே?"

"தங்கமான மனுஷன்!"

யோராம் ஸுக்கர். பழம்பொருள் வியாபாரி. ஊரில் பெரிய கடை. பாலைவன நாடோடியான பெடூயின் ஒருவன் இந்தத் தோலைத் தன்னிடம் விற்க வந்ததாகவும், தேசபக்தி பொங்கி உடனே அதைப் பிடுங்கி அரசாங்கத்திடம் ஒப்படைத்ததாகவும் சொல்லியிருந்தார். ஒப்படைத்தவருக்கு ஒரு அறக்கட்டளை பெரிய சன்மானம் தரும் என்பது அவருக்குத் தெரியவே தெரியாதாம்.

"பூரிம் பண்டிகை நாளைக்கு. எஸ்தரோட பண்டிகை! அன்னிக்கே உலகத்துக்கு அறிவிக்கிறோம். அதுக்குள்ள லாக்கப்புல இருக்கிற அந்த பெடூயின்கிட்ட குகை எங்க இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க. ஒரு துண்டு இங்க இருந்தா மிச்சம் அங்கதான் இருக்கும்!"

"அவரு குகையே இல்லைங்கிறாரே?"

"குகையைக் காட்டற வரைக்கும் வெளியே விடாதீங்க!"



லாக்கப்பில் அபு ஸுவைலிம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஐம்பது வயசு. வெயிலில் காய்ந்த முகம். யூதேயப் பாலைவனத்துத் தாமிரே குலத்து ஆள். தொலைந்த ஆட்டைத் தேடிக் குகைக்குள் போய் முதல் சுருள்களைக் கண்டெடுத்தது அந்தக் குலம் என்பதால், அதில் பிறந்த எவன் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தாலும் 'என்னடா எடுத்தே?' என்று கேட்க போலீசுக்குப் பழகிவிட்டது.

"தங்கச்சி, நாளை ராத்திரி என் பொண்ணுக்குக் கல்யாணம்."

"தெரியும்."

"அப்பன் இல்லாம கல்யாணம் நடந்தா, அப்பன் ஜெயில்லன்னு ஊரே பேசும்."

"நீங்க ஜெயில்லதானே இருக்கீங்க?"

"அதனாலதான் பேசும்ங்கிறேன்."

ஒஸ்னாத் திரையில் பார்த்த படத்தின் பிரின்ட்டைக் கம்பி வழியாக நீட்டினாள்.

"இதை நீங்க ஸுக்கர்கிட்ட விக்கப் போகலை?"

அபு ஸுவைலிம் வாங்கிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"டுபாக்கூர்! இதுல காக்கா கால் எங்க?"

"என்ன கால்?"

"ஒண்ணுமில்லை. என் கால் வலிக்குதுன்னேன். குந்தியே இருக்கேன்ல."

"அப்புறம் ஸுக்கர் கடைக்கு எதுக்குப் போனீங்க? கேமராவுல பதிவாகியிருக்கு."

"விலை கேக்க."

"எதோட விலை?"

"பொதுவா."

"பொதுவான்னா?"

"கல்யாணம் வெச்சிருக்கிறவன் எல்லாத்துக்கும்தான் விலை கேப்பான். அந்த ஆளு வாசல்லயே வெச்சு 'உங்க ஆளுங்களே திருடங்க'ன்னான். திரும்பிட்டேன். உள்ளே கூடப் போகலை."

சப்-இன்ஸ்பெக்டர் நிம்ரோத் பக்கத்து மேஜையில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். கடமையில் இருக்கும்போது மட்டும்தான் கொறிப்பான். மற்ற நேரத்தில் சாப்பிடுவான்.

"மேடம், இந்த ஆளு காலையிலேர்ந்து அவரு தாயத்தைக் கேட்டு உயிரை எடுக்கறாரு."

"என் ஆடுங்களுக்காகக் கட்டினது. ஷேக் மந்திரிச்சுக் கொடுத்தாரு. அது கையில இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது."

"கயிறு இருக்கு. லாக்கப்புல கயிறு கூடாது. ரூல்."

கட்டை விரல் பருமனுக்கு வெள்ளிக் குழல். கறுப்புக் கயிறு. நிம்ரோத் அதைத் தன் விதைப் பொட்டலம் ஃபேன் காற்றில் பறக்காமலிருக்க மேலே வெயிட்டாக வைத்திருந்தான்.

அபு ஸுவைலிம் அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளையைப் பிறத்தியார் வீட்டில் விட்டுவிட்டு வந்தவர் போல.

"குகையைக் காட்டினா இப்பவே விட்டுடறாங்களாம்," என்றாள் ஒஸ்னாத்.

"இல்லாத குகையை எப்படிம்மா காட்டறது? ஒண்ணைத் தோண்டிக் காட்டட்டுமா? அதுக்கும் கேஸ் போடுவீங்க!"

அவர் சொன்னது பொய் மாதிரி இல்லை. ஒஸ்னாத்துக்கு அதுதான் தொந்தரவு.

போன் அடித்தது.

அம்மா!

"ஏண்டி, மெஸூஸாவைக் கழட்டினியா?"

"அம்மா, நான் டூட்டில இருக்கேன்."

"நீ எப்பவும் டூட்டிலதான் இருக்கே. அதான் முப்பத்திநாலு வயசாகியும் தனியா இருக்கே. வாசக்கால்ல அடிச்சிருக்கிற மெஸூஸாவுக்குள்ள இருக்கிற வேத வசனத்துல ஒரு எழுத்து உடைஞ்சிருந்தாலும் அந்த வீட்டுல நல்லது நடக்காது. ராகேல் பொண்ணுக்கு எழுத்தை சரி பண்ணின மறு மாசம் நிச்சயதார்த்தம்!"

"ராகேல் பொண்ணுக்கு மூணு வருஷமா ஒரு ஃப்ரெண்ட் இருந்தான்மா."

"எழுத்து சரியானதுக்கு அப்புறம்தானேடி அவன் கேட்டான்? இன்னிக்கே வேதம் எழுதற எழுத்தர்கிட்ட கொண்டு போய்க் காட்டறே. இல்லை, நான் உன் ஸ்டேஷனுக்கு வந்து நிப்பேன்."

கொலைகாரன் மிரட்டினால் ஒஸ்னாத் சிரிப்பாள்.

இதற்கு உடனே கிளம்பினாள்.



ஆசார யூதர்கள் வசிக்கும் மேயா ஷெயாரிமின் சந்து ஒன்றில் எழுத்தர் லேமலின் அறை. நாற்காலியில் உட்காரவும் மூச்சு விடவும் இடமிருந்தது. ஒரே சமயத்தில் இல்லை.

லேமல் தாடிக்குள் முணுமுணுத்தபடி மெஸூஸாச் சுருளைப் பிரித்து, பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

"எழுத்தெல்லாம் ஜோரா இருக்கு."

"அப்படின்னா எனக்கு ஏன் கல்யாணம் ஆகலை?"

"அது எழுத்துல இல்லை. மூஞ்சியை இப்படி வெச்சுக்கிட்டா யாரும்மா பக்கத்துல வருவான்?"

ஒஸ்னாத் மூஞ்சியை மாற்ற முயன்றாள். முடியவில்லை.

லேமல் அவளை மறந்துவிட்டு, பாதியில் விட்ட வேலைக்குத் திரும்பினார். புது வாத்து இறகு ஒன்றை எடுத்தார். கத்தியால் முனை சீவினார். மையில் தோய்த்தார். பக்கத்திலிருந்த கழிவுத் துண்டில் என்னவோ எழுதினார்.

சரக்!

குறுக்கே ஒரு கோடு.

இறகு சரியில்லை. மறுபடி சீவினார். மறுபடி எழுதினார்.

சரக்!

ஒஸ்னாத் எட்டிப் பார்த்தாள்.



துண்டு முழுக்க... மேலிருந்து கீழ் வரை... ஒரே சொல். நூறு தடவை. நூறு கோடு.

அமாலேக். அமாலேக். அமாலேக்!

"சார்... இது என்ன?"

"எது? இதுவா? பேனா எழுதுதான்னு பார்த்தேன்."

"அதுக்கு ஏன் அமாலேக்னு எழுதறீங்க?"

"பின்னே உன் பெயரையா எழுதறது? அவன் பெயரை அழின்னு கட்டளை இருக்கில்ல? புது இறகுன்னா முதல்ல அமாலேக். எழுது, அடி, அப்புறம் வேலையைப் பாரு. எங்க ஆளுங்க எல்லாருக்கும் அதே பழக்கம். கை தானாப் போகும். எனக்குக் கனவுலயே போகும். என் வீட்டுக்காரி உதைப்பா."

"இந்தப் பழக்கம் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால இருந்துச்சா?"

"எனக்கு நாப்பத்தொண்ணுதாம்மா ஆகுது."

பண்டைய கோபம் இல்லை. கோபமே இல்லை.

ஒருத்தன் பேனா எழுதுகிறதா என்று பார்த்திருக்கிறான்!

ஒஸ்னாத் பையிலிருந்து பிரின்ட்டை எடுத்து நீட்டினாள். லேமல் பார்த்தார். தாடியைக் கோதினார்.

"எழுத்தெல்லாம் என்னவோ பழைய தினுசா இருக்கு. ஆனா அடிச்சிருக்கிற விதம்... இங்க பாரு. நாங்க இடமிருந்து வலமா இழுப்போம். இது வலமிருந்து இடமா இழுத்திருக்கு. ஆரம்பத்துல மை தடிப்பு, கடைசியில மெலிசு."

"அப்படின்னா?"

"இடது கை! அட... நம்ம ஸூஷா!"

"யாரு அது?"

"பாவம்! ஏழு வருஷம் எங்களோடதான் எழுத்துப் படிச்சான். ஆனா இடது கையால எழுதின மெஸூஸாவை யாரும் வாங்க மாட்டாங்க. செல்லாது. கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, பூரிம் நாடகத்துக்கு சாமான்... இதான் இப்போ பிழைப்பு. ரொட்டிக்கடைக்குக் கீழே நிலவறை. போனா நான் கேட்டதா சொல்லு. வாங்கின கத்தியை இன்னும் திருப்பித் தரலை!"



நிலவறையில் ஸூஷா அட்டையில் கிரீடம் வெட்டிக்கொண்டிருந்தார்.

ஒஸ்னாத் அடையாள அட்டையை நீட்டினாள். ஸூஷா கத்திரியைக் கீழே போட்டார்.

"லேமல் கத்திக்காக போலீசுக்கே போயிட்டானா?!"

"கத்தி இல்லை. இது." பிரின்ட்டைக் காட்டினாள்.

ஸூஷாவின் முகம் மலர்ந்தது!

"அட, நம்ம எஸ்தர்! நாடகம் ஆயிடுச்சா? கை தட்டினாங்களா?"

"என்ன நாடகம்?"

"ஸுக்கர் சார் போடற பூரிம் நாடகம். அவருதான் ராஜா வேஷம். நிஜ குகைச் சுருள் மாதிரி ஒண்ணு வேணும்னாரு. தோலையும் அவரே கொடுத்தாரு, பழைய வெத்துத் தோல். பழைய தினுசு எழுத்துக்குப் படமும் கொடுத்தாரு. நான் அப்படியே பார்த்துப் பார்த்து..." சட்டென்று நிறுத்தினார். "ஏம்மா, நல்லாயில்லையா?"

"ரொம்ப நல்லாயிருக்கு. ஒரு பேராசிரியர் அழுதுட்டாரு."

"நிஜமாவா?!" ஸூஷாவுக்குக் கண் கலங்கியது. அவர் எழுத்தைப் பார்த்து இதுவரை அழுதது, பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைத் தப்பாக எழுதியபோது பெண்ணின் அப்பாதான்.

"எஸ்தர்தான் வேணும்னு ஸுக்கர் கேட்டாரா?"

"இல்லை. ஏசாயா புத்தகம்தான் வேணும்னாரு. நான்தான் முடியாதுன்னேன். ஏசாயா முழுக்கக் கடவுள் பெயர் வருதே! நாடகத்துக்காக அந்தப் பெயரை எழுதறதா? அப்புறம் அதை யாராவது குப்பையில போட்டா? பெயர் எழுதின தோலைப் புதைக்கத்தான் செய்யணும், தூக்கிப் போடக் கூடாது. எஸ்தர்னா வம்பே இல்லை. அந்தப் புத்தகத்துல அவர் பெயர் ஒரு இடத்துல கூட வராது."



உலகமே தேடிய எஸ்தர் எப்படிக் கிடைத்தாள் என்றால்... இந்த மனுஷன் கடவுளுக்குப் பயந்ததால்!

"ஸூஷா சார், நாளைக்கு என்னோட ஒரு இடத்துக்கு வர்றீங்களா?"

"நாடகத்துக்கா?"

"ஆமா," என்றாள் ஒஸ்னாத். "கடைசி சீனுக்கு."



பூரிம்!

ஊர் முழுக்க வேஷம். பஸ் டிரைவர் சிங்கமாக இருந்தார். போக்குவரத்துப் போலீஸ்காரர் நிஜமா வேஷமா என்று தெரியாமல் ஜனங்கள் அபராதம் கட்ட மறுத்துக்கொண்டிருந்தார்கள்.

அரங்கத்தில் நிற்க இடமில்லை. முன் வரிசையில் பத்திரிகைக்காரர்கள். நடுவில் குடும்பங்கள். குழந்தைகள் கையில் கிலுகிலுப்பை. எஸ்தர் கதையில் வில்லன் பெயர் வந்தால் அதைச் சுழற்றி, பெயர் காதில் விழாதபடி சத்தம் போட வேண்டும். கட்டாயம்.

இதைப் பேராசிரியர் எலியாகிம் மறந்திருந்தார்.

"பெரியோர்களே! ஹாமான்..."

கிர்ர்ர்ர்ர்ர்!

"அதாவது, அந்த ஹாமான்..."

கிர்ர்ர்ர்ர்ர்ர்ர்!

"அந்த ஆள்!" என்று கத்தினார். "அந்த ஆளோட மூதாதை அமாலேக்! இதோ, பண்டைய எழுத்தரின் பண்டைய கோபம்!"

திரையில் ராட்சச அளவில் அந்தச் சொல். அந்தக் கோடு.

கைதட்டல்!

மேடையில் யோராம் ஸுக்கர், பாரசீக ராஜா வேஷத்தில், தரையைக் கூட்டும் சிவப்பு அங்கியோடு அடக்கமாகத் தலை குனிந்தார்.

"நான் என்ன பண்ணிட்டேன்? ஒரு குடிமகனோட கடமை..."

"ஒரு நிமிஷம்!"

ஒஸ்னாத் மேடை ஏறினாள். பின்னால் ஸூஷா. அவருக்குப் பின்னால் மேஜையைத் தூக்கிக்கொண்டு, வாய் நிறைய விதையோடு நிம்ரோத்.

ஸூஷாவைப் பார்த்ததும் ராஜாவின் கிரீடம் லேசாகச் சரிந்தது.

"மிஸ் ஒஸ்னாத், இது நிகழ்ச்சி நிரல்லயே இல்லையே!" என்றார் பேராசிரியர்.

"சின்ன அயிட்டம்தான் சார். ஸூஷா சார், இந்தாங்க, புத்தம்புது இறகு. மை இது, தோல் இது. எழுதுதான்னு பாருங்க."

"என்னம்மா எழுதணும்?"

"முதல்ல பேனா எழுதுதான்னு பாருங்க. அப்புறம் சொல்றேன்."

ஸூஷாவுக்கு மேடைப் பயம். உடம்பு நடுங்கியது. ஆனால் கை நடுங்கவில்லை. கைக்கு வேறு ஞாபகம். சீவியது. தோய்த்தது. இடது கை தோலின் மேல் தானாக ஓடியது.

சரக்!

ஒஸ்னாத் அந்தத் துண்டை, திரைக்குப் படம் அனுப்பும் கேமராவுக்கு அடியில் வைத்தாள்.

திரையில்... பண்டைய கோபத்துக்குப் பக்கத்திலேயே... இன்னொரு கோபம்.

அதே சொல். அதே சாய்வு. வலமிருந்து இடமாக அதே கோடு. ஆரம்பத்தில் தடிப்பு, கடைசியில் மெலிசு. மை மட்டும் இன்னும் காயவில்லை!



"எப்ப எழுதினீங்க இதை?" என்றாள் ஒஸ்னாத், திரையின் இடப் பக்கத்தைக் காட்டி.

"போன ஹனுக்கா பண்டிகையப்போ," என்றார் ஸூஷா. "ஸுக்கர் சார் நாடகத்துக்கு. அவரே நிக்கிறாரே, கேளுங்க. ஏன் சார், இதானே நாடகம்? எனக்கு எந்த வசனமும் கொடுக்கலையே?"

ராஜா ஓடினார்!

மேடையிலிருந்து குதித்தார். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே பறந்தார். அங்கியின் நுனியில் வண்ணத்துப்பூச்சி வேஷம் போட்ட ஒரு குழந்தை நின்றுகொண்டிருந்தது.

அங்கி வரவில்லை. ராஜா மட்டும் போனார்.

தொப்!

நிம்ரோத் சாவகாசமாக நடந்து போய் விலங்கு மாட்டினான். பூரிம் என்பதால் ஸுக்கர் அதைப் பொம்மை விலங்கு என்று நினைத்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"அந்த பெடூயினை ஏன் சார் இழுத்துவிட்டீங்க?"

"கண்டெடுத்தவன்னு யாராவது வேணுமே!" என்று பல்லைக் கடித்தார் ஸுக்கர். "அந்தக் குலத்துல யாரைக் காட்டினாலும் நம்புவீங்க. அவன் அன்னிக்கு வாசல்ல வந்து நின்னான்..."

வில்லன் யார் என்று குழந்தைகளுக்குப் புரிந்துவிட்டது.

கிர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்!



"கையெழுத்துப் போடுங்க. பெல்ட் ஒண்ணு, லைட்டர் ஒண்ணு, போன் ஒண்ணு, தாயத்து ஒண்ணு."

அபு ஸுவைலிம் தாயத்தைத்தான் முதலில் எடுத்தார். முத்தமிட்டார். சட்டைக் கைக்கு உள்ளே புஜத்தில் கட்டிக்கொண்டார். பெல்ட்டை மறந்தே போனார். நிம்ரோத் பின்னாலேயே ஓடிக் கொடுத்தான்.

"தங்கச்சி, நீ என் மானத்தைக் காப்பாத்திட்டே. ராத்திரி கல்யாணத்துக்கு வரணும். வரலேன்னா நான் சாப்பிட மாட்டேன்!"

"பார்க்கறேன் அண்ணே."

"பார்க்கறதில்லை. வர்றது!"

வாடகைக் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது.

ஒஸ்னாத் நாற்காலியில் சாய்ந்தாள். கேஸ் முடிந்தது. நிரபராதி வெளியே, ராஜா உள்ளே. எடுத்து வைத்த ஃபலாஃபெல் கல்லாகி இருந்தது. பரவாயில்லை என்று கடிக்கப் போனாள்.

போன் அடித்தது.

"மிஸ் ஒஸ்னாத்..." பேராசிரியர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான் முட்டாள் இல்லை."

"யாரும் சொல்லலையே சார்."

"எல்லா டிவியும் சொல்லுது. ஆனா வேற எந்தப் புத்தகமா இருந்திருந்தாலும் பார்த்த உடனே கண்டுபிடிச்சிருப்பேன். குகைச் சுருள்கள் சிலதுல கடவுள் பெயரை மட்டும் சாதாரண எழுத்துல எழுத மாட்டாங்க, தெரியுமா? பயபக்தி. அந்த நாலு எழுத்துக்கு மட்டும், அவங்க காலத்துக்கே பழசாப் போன ஒரு எழுத்து முறை. அதைப் போலியா எழுதறது லேசு இல்லை. எஸ்தர்ல அந்தப் பெயரே வராததால நான் ஏமாந்தேன்..."

"விடுங்க சார்."

"தெரியாதவங்க பார்த்தா கிறுக்கல்னு நினைப்பாங்க. எங்க மாணவங்க கிண்டலாச் சொல்வாங்க... ஈர மண்ணுல காக்கா நடந்த மாதிரி..."

ஃபலாஃபெல் கையிலிருந்து விழுந்தது!

'டுபாக்கூர்! இதுல காக்கா கால் எங்க?'

புத்தகங்களில் படமாகப் பேராசிரியர்கள் பார்ப்பது. எழுதப் படிக்கத் தெரியாத, ஆடு மேய்க்கிற ஒரு மனுஷன்... அதை எங்கே பார்த்தார்?

கடை வாசலில் விலை கேட்டாரே... எதற்கு விலை?

"நிம்ரோத்! ஜீப்பை எடு!"

"எங்க மேடம்?"

"கல்யாணத்துக்கு!"

"அப்படின்னா நான் இந்த விதையைச் சாப்பிடாம வயித்தைக் காலியா வெச்சுக்கறேன்."



பாலைவனத்தில் கறுப்புக் கூடாரம். வரிசையாக விளக்கு. தோளோடு தோள் சேர்த்து ஆண்கள் ஆட, தூசி இடுப்பு வரை எழும்பியது. உள்ளே பெண்கள் குலவையிட்டார்கள்.

ஒஸ்னாத்தின் எதிரில் வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு தட்டு. மலையாகச் சோறு. மேலே ஆட்டுக்கறி. அதன் மேல் சுடச்சுடத் தயிர்க் குழம்பு. கறியும் தயிரும் ஒரே தட்டில்! யூத ஆசாரத்துக்கு ஆகவே ஆகாது. அம்மா பார்த்தால் மெஸூஸாவை மாற்றுவதோடு விடமாட்டாள், வாசக்காலையே மாற்றுவாள்.

அபு ஸுவைலிம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாயெல்லாம் பல்.

"சாப்பிடு தங்கச்சி! ஏன் கொத்தறே?"

"அண்ணே... காக்கா காலை நீங்க எங்க பார்த்தீங்க?"

பல் மெதுவாக மறைந்தது.

"எந்தக் காக்கா?"

"உங்க கால் வலிக்குதுன்னு சொன்னீங்களே, அந்தக் காக்கா."

ஆட்டம் போட்டவர்கள் கை தட்டினார்கள். அபு ஸுவைலிம் மணலைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். மகளின் கூடாரத்தைப் பார்த்தார்.

பிறகு சட்டைக் கையைச் சுருட்டினார்.

தாயத்தின் மூடியைத் திருகினார். உள்ளே, குருவி முட்டையைத் தொடுகிற மாதிரி இரண்டு விரலை விட்டு, ஓரத்தை மட்டும் வெளியே இழுத்தார்.

பழுப்புத் தோல். நேர்த்தியான எபிரேய எழுத்து, ஒரு வரி. அந்த வரியின் நடுவில்...

நாலு காக்கா கால்!

ரெண்டாயிரம் வருஷம் முன்னால் ஒருவன் இந்த இடத்துக்கு வந்ததும் கையை நிறுத்தியிருக்கிறான். மூச்சை அடக்கியிருக்கிறான். தினமும் எழுதுகிற எழுத்தில் இந்தப் பெயரை எழுதக் கூசி, பாட்டன் காலத்து எழுத்துக்கு மாறியிருக்கிறான். ரொட்டிக்கடை நிலவறையில் ஸூஷா பயந்தாரே... அதே பயம்!

"என் விதைப் பொட்டலம்..." எதிர்ப் பக்கத்திலிருந்து நிம்ரோத்தின் குரல் கீச்சிட்டது. "மேடம், ரெண்டு நாளா நான் அதை..."

"வெளியே சொல்லாதே."

"செத்தாலும் சொல்ல மாட்டேன் மேடம்!"

"எப்படிக் கிடைச்சுது அண்ணே? ஆட்டைத் தேடிக் குகைக்குள்ள போனேன்னு மட்டும் சொல்லாதீங்க."

"ஆடு இல்லை தங்கச்சி... நாய்."

"பொய் சொன்னீங்க எங்கிட்ட."

"எங்க சொன்னேன்?" அபு ஸுவைலிம் நிஜமாகவே புண்பட்டார். "எஸ்தரை எடுத்தியான்னு கேட்டீங்க. இல்லைன்னேன். எஸ்தர் குகை எங்கன்னு கேட்டீங்க. அப்படி ஒண்ணு இல்லைன்னேன். 'வேற ஏதாவது வெச்சிருக்கியா?'ன்னு யாராவது ஒருத்தர் கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

ஒஸ்னாத் தொண்டையைச் சரி செய்துகொண்டாள்.

"கண்டெடுத்ததை ஒளிச்சு வெச்சா சட்டப்படி ஜெயில் அண்ணே."

"தெரியும்." அவர் தோலை உள்ளே தள்ளி மூடியைத் திருகினார். குரலைத் தாழ்த்தினார். "இப்போ நீ போலீசா, விருந்தாளியா?"

கூடாரத்துக்குள் மறுபடி குலவை. பெண்ணை அழைத்து வருகிறார்கள்.

ஒஸ்னாத் எதிரிலிருந்த தட்டைப் பார்த்தாள். பாதிச் சோறு இருந்தது.

"இந்தத் தட்டு காலியாகற வரைக்கும் விருந்தாளி. காலியான அந்த நிமிஷம், போலீஸ்."

அபு ஸுவைலிம் தட்டைப் பார்த்தார். அதன் மறு பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருந்த நிம்ரோத்தைப் பார்த்தார்.

அவர் முகம் வெளிறியது.

எழுந்து நின்று, ஆட்டம் பாட்டம் எல்லாவற்றையும் மீறித் தன் மகனைக் கூப்பிட்டுக் கத்தினார்:

"டேய் ஸுவைலிம்! கையில இருக்கிற வேலையைப் போட்டுட்டு... இன்னும் ரெண்டு ஆடு வெட்டுடா!"